கூகுள் வக்கீல்களுக்கு ஜவ்வாது மலை வியாபாரியின் விண்ணப்பம்

கூகுள் நிறுவனச் சட்டப் பிரிவின் ஐயாமார்கள், அம்மாமார்கள் சமூகத்துக்கு,

ஜமுனாமரத்தூர் மொத்த வியாபாரி எழுதிக்கொண்டது. மலைக்காரர்களிடம் சாமை, புளி, தேன் வாங்கிப் போளூருக்கு இறக்குவது என் தொழில். தராசு என்னுடையது, வேன் என்னுடையது, விலை சொல்லும் வாயும் என்னுடையது. நூற்றுக்கு முப்பது கழித்துக்கொள்வேன். வேறு வேனில் ஏற்றினாலும் தடையில்லை. அப்போது இருபத்தாறு மட்டும் கழிப்பேன். யோசனை உங்களுடையதுதான். ப்ளே ஸ்டோரில் செயலிக்காரர்கள் வேறு வழியில் பணம் வாங்கிக்கொண்டால் 30க்குப் பதில் 26, 15க்குப் பதில் 11 என்று நீங்கள் காட்டிய தாராளம்தான் எனக்கு வழிகாட்டி.

இந்தத் தாராளம் ஊராருக்குப் புரியவில்லை. பஞ்சாயத்து கூட்டப் போகிறார்களாம். அதனால் டவர் கிடைக்கும் பாறைமேல் உட்கார்ந்து உங்கள் வழக்குகளை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஒரு வாரத்துக்குள் உங்களுக்கு இரண்டு அபராதம் போட்டது. ஆண்ட்ராய்டுக்கு 1,337.76 கோடி ரூபாய், ப்ளே ஸ்டோருக்கு 936.44 கோடி. ஆண்ட்ராய்டு மேல்முறையீட்டில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஆணையம் ஐரோப்பாவில் உங்கள்மேல் வந்த தீர்ப்பைப் பார்த்து ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் காப்பி அடித்திருக்கிறது என்றீர்கள். சரி, பிட் அடித்த பையன் என்று முடிவாகிவிட்டது.

2023இல், உங்கள் கமிஷனை எதிர்த்து மேட்ரிமோனி.காம் முதலான கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றம் ஏறின. கமிஷன் நியாயமா என்ற பேச்சுக்கே நீங்கள் இடம் கொடுக்கவில்லை. இதை சிவில் நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது, இதற்கென்றே போட்டி ஆணையம் இருக்கிறது, அங்கே போகட்டும் என்றீர்கள். ஆகஸ்டில் வழக்குகள் தள்ளுபடி. 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்விலும் அதுவே நின்றது. டெல்லியில் பிட் அடித்த பையன், ரயிலேறிச் சென்னை வருவதற்குள் வாத்தியாராகிவிட்டான்! எந்த ஊர் வக்கீலுக்கு வரும் இந்தத் துணிச்சல்?

உச்ச நீதிமன்றத்தில்தான் கொஞ்சம் சறுக்கல். ஐரோப்பாவில் நடந்துகொள்வதுபோல இந்தியாவிலும் நடந்துகொள்வீர்களா என்று 2023 ஜனவரியில் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு கேட்டது. ஆண்ட்ராய்டு அபராதத்தில் பத்து சதவீதத்தை ஒரு வாரத்தில் கட்டவும் சொன்னது. போனால் போகிறது. மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த அபராதத்தை அப்படியே வைத்தாலும் நான்கு நிபந்தனைகளை உதிர்த்தது. ப்ளே ஸ்டோர் அபராதமோ 2025 மார்ச்சில் 216.69 கோடியாக இளைத்தது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சும்மாவா சொன்னார்கள்.

இடையில் 2024 மார்ச் 1 அன்று, கட்டணம் கட்டவில்லை என்று பாரத் மேட்ரிமோனி முதலான செயலிகளைக் கடையைவிட்டே தூக்கினீர்கள். மாசி மாதம், முகூர்த்த நேரம்! மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாளில் திரும்ப வைத்தீர்கள். நானும் ஒருநாள் வேனை நிறுத்திப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எங்கள் மலைக்கு மத்திய அமைச்சர் யாரும் ஏறி வந்து கேட்கப் போவதில்லை என்பதால் எனக்கு உங்களைவிட வசதி அதிகம்.

செயலிக்காரர்களோடு போட்ட ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் கலிபோர்னியாவின் சான்டா கிளாரா நீதிமன்றம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அப்படியே என் துண்டுச்சீட்டிலும் அச்சடிக்கப் போகிறேன். சாமை மூட்டையைத் தூக்கிக்கொண்டு அங்கே யார் போகிறார்கள், பார்ப்போம்.

கடைசியாக ஒரு சந்தேகம். அமெரிக்க அரசு வர்ஜீனியாவில் உங்கள்மேல் தொடுத்த விளம்பர வழக்கில், ஊர்மக்கள் ஜூரியாக உட்காரக் கூடாது என்பதற்காக, கேட்ட இழப்பீட்டுக்கு ஈடாக அரசாங்கத்துக்கே சுமார் 23 லட்சம் டாலருக்கு 2024 மே மாதம் காசோலை அனுப்பினீர்கள். ஜூரியும் போயிற்று. தனியாக விசாரித்த நீதிபதி பிரிங்கெமாவோ 2025 ஏப்ரலில் உங்களுக்கு எதிராகவே தீர்ப்பெழுதிவிட்டார். எங்கள் பஞ்சாயத்திலும் ஊர்க்கூட்டம் வேண்டாம், பெரியவர் ஒருவர் விசாரித்தால் போதும் என்று முன்பணம் கட்ட யோசிக்கிறேன். தீர்ப்பு எனக்கு எதிராகப் போனால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? கேட்கலாம் என்றால், எந்தக் கோர்ட்டில்?

இப்படிக்கு,
தங்கள் மாணாக்கன்