பொன்னாடையை வெளிச்சத்துலயே போத்திரு

ஏ மருமகனே, நோட்டீஸைப் பாத்தேன். பிரமாதம்! வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, குத்துவிளக்கு, ஆறு பேரு வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுத் தேடுனா, கடைசி வரியில பொடி எழுத்துல 'பின்னர் திரைப்படம்'னு கெடக்கு. படவிழாவுல படம் போடுதோம்னு ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு எதுவும் உத்தரவாப்பா?

நான் டூரிங் டாக்கீஸ்ல ரீல் ஓட்டுனவன். எனக்கு எல்லாக் கணக்கும் அடியிலதான். 1000 அடி பிலிம் ஓடி முடிய 11 நிமிசம். உங்க வாழ்த்துரைக்காரக ஆளுக்கு ஒரு ரீலுன்னு வச்சாலே 6000 அடி ஆச்சு. அதுல வெட்டு ஒட்டுங் கெடையாது. அப்போ எங்ககிட்ட ஒத்தை மிஷின். ரீல் மாத்துத நேரம் கொஞ்சம் இருட்டாக் கெடந்தாலே மணல்தரையில இருந்து விசில் பறக்கும். உங்க அப்பனும் அந்த மணல்லதான் இருந்தான். இன்னும் அவன் வாயில விசில் மிச்சம் இருக்கு, பாத்துக்கோ.

அதுக்காகப் பெரிய மனுசன் வேண்டாம்னா சொல்லுதேன்? சேர் எறக்குனவரும் ஜெனரேட்டர் குடுத்தவரும் மைக்கைத் தொடாமப் போவாகளா? பேசட்டும். எப்பம் பேசணுங்கதுலதான் சூது இருக்கு. தெறந்த வெளியில இருட்டுத வரைக்கும் மிஷினைப் போட்டாலும் வெறுந்துணிதான் தெரியும். அந்த வெளிச்சம் சும்மாதானே போகுது? ஆறு மணிக்கு ஆரம்பிச்சுரு. பொன்னாடையை வெளிச்சத்துலயே போத்திரு, போட்டோவும் நல்லா விழும். சிறப்பு விருந்தாளிகிட்ட மட்டும் அஞ்சு மணின்னு சொல்லு, சரியா ஆறுக்கு வந்துருவாரு. இருட்டுனதும் வாயைத் தெறக்காத. மேடை லைட்டை அணைச்சுரு. கரண்டு போச்சுன்னு நெனச்சு அவரே எறங்கிருவாரு.

திரையை நான் வந்து பாக்கேன். உங்க ஆளுக மேலயும் பக்கத்துலயும் கட்டிட்டு, அடியைச் சும்மா தொங்க விட்டுருக்காக. காத்து அடிச்சா துணி வயிறு ஊதும், கதாநாயகிக்கு முதல் சீன்லயே மாசம் ஏறிரும். அடியிலயும் மூங்கில் கோத்துக் கட்டு. மழை பேஞ்ச ராத்திரின்னா ஈசல் வேற வந்து மிஷின் வெளிச்சத்துல மொய்க்கும். தள்ளி, சாவடி ஓரத்துல ஒரு குண்டு பல்பைப் போடு, அதுக அங்கிட்டுப் போயிரும். மேடையில மொய்க்க ஆளுகளுக்கும் ஒரு பல்பு இருக்கு. போட்டோ புடிக்க தம்பியைச் சாவடிப் பக்கம் நிக்கச் சொல்லு.

சரி, முதல் படம் என்னத்தைப் போடுத? மூணு மணி நேரம் மழையே பேஞ்சுக்கிட்டு இருக்குமாமே, வெளிநாட்டுப் படம்? நல்ல படமாத்தான் இருக்கும், நான் இல்லைங்கலை. மூணாம் நாளு போடு. அன்னைக்கு நீயும் உன் கூட்டாளி நாலு பேருந்தான் இருப்பீக, நிம்மதியாப் பாக்கலாம்.

முதல் ராத்திரிக்கு சாப்ளினோட 'தி கிட்' போடு. 1921-ல வந்த ஊமைப்படம். மலையாளத்துல ஜான் ஆபிரகாம்னு ஒரு மனுசன். நம்ம தமிழ்ல 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தாரே, அவருதான். அவரும் 'ஒடேசா'ங்க சினிமாக் குழுவுல இருந்த கூட்டாளிகளும் ஊரூராப் போயி இந்தச் சாப்ளின் படத்தைத்தான் போட்டுக் காட்டி, சனங்ககிட்டக் காசு பிரிச்சாக. அதுலதான் 1986-ல 'அம்ம அறியான்' வந்துச்சு. நீ என்னடான்னா பிரிச்ச காசுல பாதியைப் பிளக்ஸ்காரனுக்குக் குடுத்துருக்க, அதுலயும் உன் மொகந்தான் பெருசு.

'தி கிட்' படத்துல பொடியன் கல்லை விட்டு ஜன்னலை ஒடச்சுட்டு ஓடிருவான். பின்னாலயே நம்ம ஆளு முதுகுல கண்ணாடியைச் சுமந்துக்கிட்டு, எதுவுந் தெரியாத மாதிரி வருவாரு. இதுக்குச் சிரிக்க எந்தக் கெழவிக்கும் சிறப்புரை வேண்டாம். எடையில எழுத்து வந்தா மட்டும் ஒருத்தன் மைக்குல தமிழ்ல சொல்லணும். மைக் ஆசை புடிச்சவன் எவனாச்சும் இருப்பான்லா, அவனை உக்கார வச்சுரு.

இன்னொண்ணு. படம் முடிஞ்சதும் 'கலந்துரையாடல்'னு போட்டுருக்க. பொம்பளைக தூங்குத பிள்ளையைத் தோள்ல போட்டு, பாயைச் சுருட்டிக்கிட்டு நிக்கையில, 'இதில் இயக்குநர் என்ன சொல்ல வருகிறார்?'னு மைக்கை நீட்டுனேன்னு வையி, பாயாலேயே பதில் வரும். காலைல டீக்கடைக்கு வா. எவன் சிரிச்சான், எவ அழுதா, எவன் பாதியில எந்திரிச்சுப் போனான்னு எல்லாம் அங்க தானா வந்து விழும். உரையாடலை நானே எடுத்துக் குடுக்கேன். டீக்காசை மட்டும் விழாக் கணக்குல எழுதிரு. வடையும் சேத்துத்தான்.