நிறுத்து என்று சொல்லும் அதிகாரம்

● லாரி உரிமையாளர், நாமக்கல்: லாரிக்கு எஃப்.சி. எடுப்பதுபோல அணு உலைக்கும் உண்டா?

உண்டு. ஆனால் ஒரு நாள் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்துவிட முடியாது. இடத்தைத் தேர்வு செய்ய, கட்ட, எரிபொருள் ஏற்ற, முதன்முதலாக இயக்கிப் பார்க்க, முழுத் திறனில் ஓட்ட, கடைசியில் மூடிப் பிரித்தெடுக்க என்று ஒவ்வொரு படியிலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். 1983 நவம்பர் 15-இல் அமைக்கப்பட்ட வாரியம் இது, தலைமையகம் மும்பை. ஓட்டும் உரிமத்தை 5 ஆண்டு வரைக்கும்தான் தருவது அதன் நெடுநாள் வழக்கம். 10 ஆண்டுக்கு ஒருமுறை முழு மறுஆய்வு. கட்டிய காலத்து விதிக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு விட்டுவிடமாட்டார்கள். இன்றைய விதிக்கு எவ்வளவு குறைகிறது என்றும் பார்ப்பார்கள். கல்பாக்கத்தின் முதல் உலை 1984-இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. நாற்பது வயது உலையை நாற்பது ஆண்டுக்கு முந்திய அளவுகோலால் அளந்தால் அது என்றைக்கும் தேறிவிடும்.

● பிளஸ் டூ மாணவர், சாத்தான்குளம்: அணு உலை அணுகுண்டு மாதிரி வெடிக்குமா?

வெடிக்காது. குண்டுக்கு வேண்டிய செறிவு அந்த எரிபொருளில் இல்லை. கூடங்குளத்தில் யுரேனியம்-235-இன் அளவு 5 விழுக்காட்டுக்கும் கீழே. கல்பாக்கம் மின்நிலையத்தில் பூமியில் கிடைக்கிறபடியே 0.7 விழுக்காடு. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. நிறுத்திய பிறகும் உலை சூடு தந்துகொண்டே இருக்கும். 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் கூடங்குளம் உலை ஒன்றின் வெப்பம் 3,000 மெகாவாட். நிறுத்திய கையோடு அதில் ஏறத்தாழ 6 விழுக்காடு, அதாவது 180 மெகாவாட் மிச்சம் இருக்கும். அது மெல்ல மெல்லத்தான் தணியும். அதுவரை தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 2011 மார்ச் 11-இல் நிலநடுக்கம் வந்தபோது ஜப்பானின் ஃபுகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகத்தான் நின்றன. பிறகு வந்த சுனாமியில் தண்ணீரைச் சுற்றவைக்கும் மின்சாரம் போனது. கதை அங்கேதான் மாறியது.

● கல்லூரி மாணவி, நாகர்கோவில்: ஆய்வாளர்கள் உள்ளே போய் என்னதான் பார்ப்பார்கள்? ஓடுகிற உலையை எட்டிப் பார்க்கவா முடியும்?

முடியாது. அதனால்தான் உலையைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். முதலில் அவசரகால டீசல் ஜெனரேட்டர். மேலே சொன்ன மிச்ச வெப்பத்துக்கு அதுதான் காவல். சோதனை ஓட்டத்தில் எத்தனை நொடியில் கிளம்பியது, கிளம்பாத நாளை ஒளிக்காமல் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்களா? கேபிள்கள் எந்த வழியாகப் போகின்றன, தீத்தடுப்புக் கதவு உண்மையிலேயே மூடுகிறதா, குழாய்களின் சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்விக்கு, உலை நிறுத்தப்படும் நாட்களில் மீயொலிக் கருவி பதில் சொல்லும். கட்டுப்பாட்டு அறையில் உட்காரும் பொறியாளருக்குத் தனி உரிமம் உண்டு. தேர்வு எழுதி வாங்கி, 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஊழியர்கள் மார்பில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் காட்டும் கதிர்வீச்சுக் கணக்கையும் பார்ப்பார்கள். 5 ஆண்டில் 100 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளியின் கணக்கையும்தான். அவர் இன்று இங்கே, நாளை வேறு நிலையத்தில் என்று மாறிக்கொண்டே இருப்பவர் என்பதால், அவருடைய கணக்கைத்தான் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும் என்பேன்.

இந்த வேலையால் பலன் உண்டா என்று கேட்டால், 2013 ஏப்ரலைப் பாருங்கள். கூடங்குளம் முதல் உலை தொடங்கும் தறுவாயில், ஒரு வகை வால்வுகளில் நான்கு சரியாக வேலை செய்யவில்லை என்று சோதனையில் தெரிந்தது. மாற்றச் சொன்னார்கள்; மாற்றினார்கள். அந்த ஆண்டு ஜூலை 13-இல்தான் உலை முதன்முதலாக இயங்கியது. தமிழ்நாட்டில் மின்வெட்டு, மேலிருந்து அவசரம், வெளியே போராட்டம். அந்த நேரத்தில் நான்கு வால்வுக்காகக் காத்திருக்கச் சொன்னது நல்ல காரியம்.

● வங்கி ஊழியர், கோவை: இந்தியாவில் பெரிய அணு உலை விபத்து நடந்ததே இல்லையாமே?

நூலிழையில் தப்பியிருக்கிறோம். 1993 மார்ச் 31, விடியலுக்கு முன், உத்தரப் பிரதேசத்தின் நரோரா. முதல் அலகின் டர்பைனில் இரண்டு தகடுகள் முறிந்தன. அதிர்வில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. தீ கேபிள்களில் ஏறியது. வழக்கமான மின்சாரமும் மாற்று ஏற்பாடும் சேர்ந்தே போயின, ஏனென்றால் இரண்டின் கேபிள்களும் தக்க தீத்தடுப்பு இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் போடப்பட்டிருந்தன. 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரமே இல்லை. கட்டுப்பாட்டு அறையில் புகை. அந்தப் பொறியாளர்கள் உலையை உடனே நிறுத்தினார்கள். டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளைக் கொண்டு நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் அனுப்பினார்கள். உலை மீண்டும் உயிர்க்காதிருக்கக் கையாலேயே போரான் கரைசலைச் செலுத்தினார்கள். வெளியே கதிர்வீச்சு கசியவில்லை. 0 முதல் 7 வரையுள்ள சர்வதேச அளவையில் அது 3-ஆம் நிலை. அவர்களை நாடு இன்னும் அதிகமாகக் கொண்டாடியிருக்க வேண்டும்.

ஆனால் அவர்களை அந்த நிலையில் நிறுத்தியது யார்? அமெரிக்காவில் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில் 1975-இலேயே ஒரு மெழுகுவத்தியால் கேபிள்கள் எரிந்தன. காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கக் கொளுத்திய மெழுகுவத்தி அது. கேபிள்களைப் பிரித்துப் போடு என்பது அன்றைக்கே உலகம் படித்த பாடம். நரோராவுக்கு வந்து சேர 18 ஆண்டு போதவில்லை. ஆய்வு எதற்கு என்று யாராவது கேட்டால், அந்தப் பாடத்தை நேரத்தில் கொண்டுசேர்க்கத்தான் என்று நான் சொல்வேன்.

● மீனவர், சதுரங்கப்பட்டினம்: 2004 சுனாமியில் கல்பாக்கத்துக்கு என்ன ஆனது?

கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்து பம்புகள் நின்றன. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. முதல் உலை முன்பே பராமரிப்புக்காக நின்றிருந்தது. உலைக் கட்டடத்துக்குள் வெள்ளம் வரவில்லை. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. உங்கள் குப்பத்து இழப்பை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மறுபடி இயக்குமுன் ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வாங்கினார்கள்.

அடுத்த ஆண்டே, அணுமின் நிலையங்களில் வெள்ள அபாயம் பற்றி ஒரு சர்வதேசப் பயிலரங்கு கல்பாக்கத்திலேயே நடந்தது. ஃபுகுஷிமாவுக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டு முன்பு!

● ஆசிரியை, திருவாரூர்: ஜப்பான்காரர்களே எப்படிக் கோட்டை விட்டார்கள்?

தெரியாமல் விடவில்லை. ஃபுகுஷிமா நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம் 2008-இல் போட்ட கணக்கிலேயே, அலை 15.7 மீட்டர் வரை எழலாம் என்று வந்தது. நிலையமோ 6 மீட்டருக்கும் குறைந்த அலைக்குத்தான் தயாராக இருந்தது. கணக்கு மேசையிலேயே இருந்தது.

தட்டிக் கேட்க வேண்டிய அமைப்பு, அணுமின்சாரத்தை வளர்க்கும் அதே வர்த்தக, தொழில் அமைச்சகத்தின் கீழ் இருந்தது. 2002-இல் இதே நிறுவனம் ஆய்வு அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வந்தது வெளியானது. அதை முதலில் எழுதித் தெரிவித்தவர் உலைகளை ஆய்வு செய்த ஒரு பொறியாளர். அவர் பெயரை அந்தக் கண்காணிப்பு அமைப்பே நிறுவனத்திடம் சொல்லிவிட்டது. இதைவிடப் பெரிய துரோகத்தை ஓர் ஒழுங்குமுறை அமைப்பு செய்ய முடியாது. அதற்குப் பிறகு எந்தத் தொழிலாளி வாய் திறப்பார்? 2012-இல் கியோஷி குரோகாவா தலைமையிலான நாடாளுமன்ற விசாரணைக் குழு, கண்காணிப்பவர்கள் கண்காணிக்கப்படுபவர்களின் பிடியில் இருந்தார்கள் என்று கண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய அமைப்பைக் கலைத்துப் புதிய ஆணையம் அமைத்தார்கள்.

● வழக்கறிஞர், மதுரை: நம் வாரியம் மட்டும் சுதந்திரமானதா?

நான் விடாமல் எழுதிவரும் விஷயம் இது. வாரியம் அணுசக்தி ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதாகவே அமைக்கப்பட்டது. ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலாளர். கூடங்குளத்தையும் கல்பாக்கத்தையும் ஓட்டும் இந்திய அணுமின் கழகம் அதே துறையின் நிறுவனம். வாரியத்தில் திறமையான, நேர்மையான பொறியாளர்கள் இருக்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை, நாற்காலிகளைப் போட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது.

1993 முதல் 1996 வரை வாரியத் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன் காலத்தில் சுமார் 130 பாதுகாப்புக் குறைகள் பட்டியலிடப்பட்டன. பதவி முடிந்தபின் அவர் வெளிப்படையாகவே பேசினார். 2000-இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்கள் வாரியத்தின் பார்வையிலிருந்தே எடுக்கப்பட்டன. 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், வாரியத்துக்கு விதி வகுக்கும் அதிகாரமில்லை, தண்டனை விதிப்பதில் பங்கில்லை, அபராதமோ யாரையும் தடுக்காத அளவுக்குச் சொற்பம் என்று எழுதினார். அன்றைக்கு அதிகபட்ச அபராதம் 500 ரூபாய்! தலைக்கவசம் போடாமல் பைக் ஓட்டினால்கூட இன்று தமிழ்நாட்டில் 1,000 ரூபாய்.

இதைச் சரிசெய்ய 2011-இல் வந்த மசோதா 2014-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டத்தில் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் அதே சட்டம் தனியார் நிறுவனங்களையும் அணுமின் துறைக்குள் அழைக்கிறது. இனி வாரியம் அரசுக் கழகத்திடம் மட்டுமல்ல, பெரிய முதலாளிகளிடமும் ‘நிறுத்து’ என்று சொல்ல வேண்டியிருக்கும். தலைவரை யார் நியமிக்கிறார், யார் நீக்கலாம், பணம் எங்கிருந்து வருகிறது என்ற மூன்றையும் இனி ஒவ்வோர் ஆண்டும் கவனித்து வாருங்கள். சட்டப் புத்தகத்தில் இருக்கும் சுதந்திரம் அங்கேதான் நிஜமாகும்.

● ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர், தூத்துக்குடி: ஒரு நாள் நிறுத்தினால் கோடிக்கணக்கில் நஷ்டம். நடைமுறையில் யார் துணிந்து நிறுத்துவார்?

நீங்கள் உள்ளிருந்து பார்த்தவர், சரியான இடத்தில் கை வைக்கிறீர்கள். அமெரிக்காவின் ஒஹையோவில் டேவிஸ்-பெஸ்ஸி என்ற நிலையம். உலையின் மூடியில் விரிசல் இருக்கலாம், 2001 டிசம்பர் 31-க்குள் சோதியுங்கள் என்றது ஒழுங்குமுறை ஆணையம். நிறுவனம் அவகாசம் கேட்டது. நிறுத்த உத்தரவை ஆணைய அதிகாரிகள் எழுதியே வைத்திருந்தார்கள். பேரம் நடந்து, 2002 பிப்ரவரி நடுவரை ஓட்டிக்கொள்ள விட்டார்கள். மார்ச்சில் பார்த்தால், போரிக் அமிலம் 15 சென்டிமீட்டருக்கும் தடிமனான எஃகை அரித்துக் குழியாக்கியிருந்தது. சுமார் 150 மடங்கு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கி நின்றது, உள்பக்கத்தில் பூசிய ஒரு சென்டிமீட்டர் அளவு துருப்பிடிக்காத எஃகு மட்டும்.

அந்த ஆணையத்தின் உள் தணிக்கை அதிகாரியே பிறகு, நிறுவனத்தின் செலவைக் குறைக்கும் எண்ணம் அந்த முடிவில் கலந்திருந்தது என்று அறிக்கை கொடுத்தார். உலை இரண்டு ஆண்டு மூடிக் கிடந்தது. ஆறேழு வாரம் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு ஆண்டு. பணக் கணக்கு பார்ப்பவர்களும் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். சுதந்திரமான ஆணையம், போதிய ஆட்கள், எழுதிய உத்தரவு எல்லாம் இருந்தும் கடைசிக் கையெழுத்தில் கை நடுங்கியது. அந்தக் கையைத் தாங்க ஒரே வழி, உத்தரவின் வரைவு முதல் முடிவு வரை எல்லாம் பொதுமக்கள் படிக்கும்படி இருப்பது.

● பத்திரிகை வாசகர், வள்ளியூர்: அப்படியானால் கூடங்குளத்தில் எங்களிடம் ஏன் எதையும் சொல்வதில்லை?

2019 அக்டோபர் 29-இல் கணினித் தாக்குதல் எதுவும் இல்லை என்று நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. மறுநாள், நிர்வாகப் பிணையத்தில் ஒரு கணினியில் தீநிரல் புகுந்தது உண்மை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் தனியாகப் பிரிக்கப்பட்டவை, அங்கே பாதிப்பில்லை என்றார்கள். முதல் நாளே இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஊர் நம்பியிருக்கும். 2012-இல் பாதுகாப்பு ஆய்வு அறிக்கையை வெளியிடச் சொல்லி மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டபோது கழகம் உயர் நீதிமன்றம் போனது. மறைப்பதால் உலைக்கு ஒரு பாதுகாப்பும் கூடுவதில்லை.

● மருந்தாளுநர், ஈரோடு: கதிர்வீச்சு ஆபத்து அணு உலையில் மட்டும்தானா?

2010-இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்கு ஏலத்தில் வந்த கருவியில் கோபால்ட்-60 இருந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் பல ஆண்டு கிடந்த கருவி. ஒரு தொழிலாளி இறந்தார். அளவையில் 4-ஆம் நிலை, நரோராவுக்கும் மேலே. மருத்துவ எக்ஸ்-ரே நிலையங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வாரியத்தில் பதிவு செய்யாதவை என்றது அதே 2012 தணிக்கை அறிக்கை. உங்கள் ஊர் எக்ஸ்-ரே அறைச் சுவரில் உரிமம் தொங்குகிறதா என்று பாருங்கள்.

● ஊராட்சி உறுப்பினர், ராதாபுரம் வட்டம்: எங்கள் ஊர் கூடங்குளம் நிலையத்தைச் சுற்றிய 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள். நாங்கள் செய்ய என்ன இருக்கிறது?

நிறைய. நிலையத்துக்கு வெளியேயான அவசரகாலத் திட்டம் மாவட்ட ஆட்சியரின் பொறுப்பு. ஒத்திகை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டும். உங்கள் ஊரில் கடைசியாக எப்போது நடந்தது? கூடும் இடம் எது? எத்தனை பஸ், எந்தச் சாலை வழியாக? படுக்கையில் இருக்கும் முதியவரை யார் தூக்குவார்? பொட்டாசியம் அயோடைடு மாத்திரை எங்கே இருப்பு இருக்கிறது? அது தைராய்டு சுரப்பியைக் கதிரியக்க அயோடினிலிருந்து மட்டும் காக்கும், நேரத்தோடு சாப்பிட்டால்தான் பயன். அதிகாரிகள் சொல்லும் முன் யாரும் தானாக விழுங்கக் கூடாது. 2013 மே 6-இல் கூடங்குளம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 15 உத்தரவுகள் போட்டுத்தான் உலையை அனுமதித்தது. அந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் இந்தக் கேள்விகளைத் தீர்மானமாக நிறைவேற்றி ஆட்சியருக்கு அனுப்புங்கள். ஒரு நகலை வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகத்துக்கும் போடுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு எழுதுங்கள், வெளியிடுகிறேன்.