பூசாத செவரும் பூசுன மூஞ்சியும்

ஏய் பேராண்டி, மதுரை அமெரிக்கன் காலேஜுல இடம் கெடச்சுருச்சுன்னு ஊரு பூராம் தமுக்கடிச்சுட்டியாமே. நல்லது. ஆனா நீ செல்லுல காட்டுன படம் பூராம் ஒம் மண்டைதான்டா இருக்கு. மெயின் ஹாலு ஒங் காதுக்குப் பின்னாடி பம்மிக்கிட்டு நிக்குது. அது ஒன்னைய என்னப்பா பண்ணுச்சு?

கரண்டி பிடிச்ச கை இது, கேட்டுக்க. செவரு கோணிக்கிருச்சுன்னா பூச்சுல மறைச்சுருவோம். எங்க பொழப்பு ரகசியம். அங்க அந்தச் சோலியே நடக்காது. பூசாத செங்கச் செவரு. கிட்டப் போயி ஒத்தக் கண்ணை மூடிப் பாரு: கீழ்வரி சந்துக்கு நேரா மேல்வரி சந்து வந்துறாது, வளைவுல ஒவ்வொரு கல்லும் அடுத்ததை முட்டுக்கொடுத்து நிக்கும். பிசகியிருந்தா நூறு வருசமா மதுரையே சிரிச்சிருக்கும். நீ என்னடான்னா முக்கா டப்பா பவுடரை அப்பிக்கிட்டு அது முன்னாடி போயி நிக்கிற.

பிளான் போட்டவரு ஹென்றி இர்வின். மைசூரு அரமனைக்கும் அவருதான். மகாராசாவுக்கும் போட்டாரு, நீ அரியர் வைக்கப்போற வகுப்புக்கும் போட்டாரு.

1881-ல பசுமலையில ஆரம்பிச்ச காலேஜு, பெறகுதான் வைகைக்கு வடக்க வந்துச்சு. பசுமலையில நடத்துன வாஷ்பர்ன் தொரை பேருல ஒரு ஹாஸ்டலு, இங்கிட்டுக் கொண்டாந்த சம்ப்ரோ தொரை பேருல ஒண்ணு. எதுல போட்டாலும் மத்ததுலதான் சோறு நல்லாருக்குன்னு சொல்லுவ, எனக்குத் தெரியாதா.

நூலகம் டேனியல் பூர் பேருல இருக்கு. அந்த அமெரிக்க மிஷனரி கப்பலேறி 1816-லயே யாழ்ப்பாணம் வந்து, வட்டுக்கோட்டையில செமினாரி நடத்தி, பெறகு மதுரைக்கு வந்து பள்ளிக்கூடமாத் தொறந்தாரு. திரும்பிப் போயி 1855-ல யாழ்ப்பாணத்துலயே காலரா கண்டு செத்தாரு. அவரு தாண்டுனது கடலு. நீ கேண்டீனைத் தாண்டுனாப் போதும்டா, லைப்ரரி வந்துரும். படிக்க வேணாம்ப்பா, தூங்கவாச்சும் போ.

பட்டிமன்றம் பேசுற சாலமன் பாப்பையா அய்யா அந்தக் காலேஜுலதான் தமிழ் நடத்துனாரு. அந்தக் காத்துப் பட்டா வாயி வந்துரும்ங்கிறாங்க. ஒனக்கு அது பொறக்கும்போதே வந்துருச்சு, பாடம் வருதான்னு பாரு.

சரி, விசயத்துக்கு வாரேன். சித்திரைத் திருவிழாவுல அழகரை எதிர்கொண்டு கும்பிடுற எதிர்சேவை காலேஜு பக்கத்துல தல்லாகுளத்துலதான். அழகரைப் பார்த்துப்புட்டு இடுப்பைச் சாய்க்க எடமில்லாம நான் வருசா வருசம் ரோட்டோரம் கெடக்கேன். கூப்பிடு தூரத்துல ஒனக்கு ரூமு. வார்டன்கிட்ட இப்பவே பக்குவமாச் சொல்லி வையி. லீவு விட்டாச்சுன்னு அன்னிக்குப் பார்த்துப் பூட்டிப்புட்டு வந்து நின்னேன்னு வையி, பீசு கட்டக் காசு கேக்கும்போது எனக்கும் காது கேக்காது.