ஒரு நாள், ஒரு மலை

கேள்வி: ஒரே நாளில் காரில் போய், மலையில் ஒரு தேசியப் பூங்காவைச் சுற்றிப் பார்த்துத் திரும்ப முடியுமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: முடியும், மணலி சாலையில் கண்டெய்னர் லாரிகள் வழிவிட்டால். முதுமலை வேண்டாம், போய்ச் சேரவே பொழுது சாய்ந்துவிடும். திருப்பதிப் பக்கம் சேஷாசலம் மலைக்கு வண்டியை விடுங்கள். (சாமி கும்பிட என்று சொன்னால் வீட்டிலும் மறுப்பு வராது.) 1989-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா அங்கேதான். 270 அடி உயரத் தலக்கோனா அருவியைப் பார்த்துவிட்டு இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். செம்மரம் இயற்கையாக வளர்வதும் இந்தப் பக்கத்துக் காடுகளில்தான். அதை மட்டும் பார்க்க என்றால் பெட்ரோல் வீண். வேறு சரக்கு என்று எழுதிக்கொடுத்த கண்டெய்னர்களைத் திறந்து, நம் சென்னைத் துறைமுகத்திலேயே சுங்கத்துறை அதைக் கட்டை கட்டையாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறது.