வாசலைக் காத்த ஊர்

சேலமே, உன்னைப் புகழாமல் இருக்க முடியவில்லை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் வாசல் வளைவு இன்னும் நிற்கிறது. இடித்திருக்கலாம், நீ இடிக்கவில்லை. மலைக்குப் போகிற வண்டிகள் அங்கே வேகம் குறைகின்றன. பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்பாக்கள் விரல் நீட்டிக் காட்டுகிறார்கள். வளைவுக்குப் பின்னால் வரிசையாக வீடுகள். பழைய கட்டடத்தோடு புதியதை எப்படிச் சேர்ப்பது என்று உலகெங்கும் கட்டடக் கலைஞர்கள் மாநாடு கூட்டித் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நீயோ வளைவைப் பழையதாகவும் மற்றதையெல்லாம் புதியதாகவும் வைத்து ஒரே வீச்சில் தீர்த்துவிட்டாய்.

நீ எதைச் சுருக்கி அந்த வளைவுக்குள் வைத்தாய் என்று சொன்னால்தான் உன் திறமை விளங்கும். திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். தமிழ்ப் பேசும்படம் எடுக்க பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயில் ஏறிய காலத்தில், 1935-ல், உன் மண்ணில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1937-ல் ‘சதி அகல்யா’ வந்தது. அடுத்த ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ இங்கிருந்து போயிற்று. 1940-ல் ‘உத்தம புத்திரன்’, அதில் பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். 1950-ல் ‘மந்திரி குமாரி’, கருணாநிதியின் வசனத்தில் எம்.ஜி.ஆர். நடித்தது. 1956-ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். மலையாளத்துக்கும் முதல் வண்ணப்படத்தை, 1961-ல் ‘கண்டம் பெச்ச கோட்டு’ என்று, இதே இடம்தான் கொடுத்தது. கண்ணதாசன் இங்கே வேலை பார்த்தார். 1963-ல் சுந்தரம் மறையும் முன்பே கணக்கு நூறு படங்களை நெருங்கியிருந்தது; பிறகு அதையும் தாண்டியது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக் கூடம், பிலிம் கழுவும் லேப் எல்லாம் ஒரே வளாகத்தில். சென்னைக்கு வெளியே இப்படி ஒரு இடம் தமிழ்நாட்டில் இருந்தது என்பதே இன்றைய பிள்ளைக்கு நம்ப முடியாத செய்தி. அத்தனையையும் நீ ஒரு வாசலாகக் குறுக்கினாய். இந்தச் சிக்கனம் வேறு எந்த ஊருக்கு வரும்?

அதிலும் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தேர்ந்தாயே, அந்தக் கூர்மையைச் சொல்ல வேண்டும். லைட்பாய் வியர்த்த இடம், தச்சர் அரண்மனை எழுப்பி அடுத்த மாதமே பிரித்த இடம், வசனத்தை அடித்துத் திருத்திய மேசை, இருட்டில் பிலிமைத் தொட்டியில் முக்கிய அறை, இவற்றில் ஒன்றைக்கூட நீ வைத்துக்கொள்ளவில்லை. ஆட்கள் உள்ளே போன, வெளியே வந்த வழியை மட்டும் வைத்துக்கொண்டாய். அதற்குப் பூட்டு வேண்டாம், காவலாள் வேண்டாம், கூரை ஒழுகாது, மின்கட்டணம் இல்லை. படம் பிடிக்கவும் அதுவே அழகு. 2023 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதன் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். தன் தந்தை கருணாநிதி வேலை பார்த்த தளத்துக்குள் போக அவர் விரும்பியிருந்தாலும் போவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அந்த நேரத்தையும் அவருக்கு மிச்சப்படுத்தினாய்.

பின்னால் இருக்கும் வீட்டுக்காரர்கள்மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. மனை விற்பனைக்கு வந்தது, வாங்கினார்கள், கட்டினார்கள். புகழெல்லாம் உனக்கே உரியது.

உன் தம்பி நாமக்கல்லைப் பார்த்தால்தான் உன் துணிச்சலின் அளவு தெரிகிறது. உன்னிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் போல இருக்கும். ஊர் நடுவே ஒற்றைப் பாறை, உச்சியில் கோட்டை. பாறையின் மேற்குப் பக்கம் நரசிம்மர் குடைவரை, கிழக்குப் பக்கம் அரங்கநாதர் குடைவரை. அதியர் குலத்துக் குணசீலன் பெயரைச் சொல்லும் கல்வெட்டு அங்கே அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று ஒரு பெயரைத் தருகிறது. எட்டாம் நூற்றாண்டு வேலை. ஔவை தொண்டைமானிடம் தூது போய், அவனுடைய படைக்கருவிகளின் பளபளப்பை மெச்சியது இந்த அதியர் குலத்து நெடுமான் அஞ்சிக்காகத்தான்.

அந்த ஊர்க்காரர்கள் பின்னாளில் கட்டாமல் இல்லை. நரசிம்மர் குகைக்கு முன்னால் மண்டபம் வந்தது, நாமகிரித் தாயாருக்குச் சன்னதி வந்தது, மதில் வந்தது, கோபுரம் வந்தது. ஆனால் பாவம், உள்ளே கைவைக்கத் துணிவில்லை. இரணியனைப் பிளக்கும் நரசிம்மரும் வராகரும் உலகளந்தவரும் பாறையில் வெட்டியபடியே இருக்கிறார்கள். புதிய மண்டபத்தில் நுழைகிறவன் படிப்படியாக முந்தைய நூற்றாண்டுகளுக்குள் இறங்கி, கடைசியில் பச்சைப் பாறையின் முன் நிற்கிறான். எதிரே நிற்கும் பதினெட்டு அடி ஆஞ்சநேயருக்குக் கூரையே போடவில்லை. வெயிலும் மழையும் அவர் தலையில் நேராக விழுகின்றன. உள்ளே இருப்பது பழையது, வெளியே சேர்த்தது புதியது என்பது அவர்கள் பழக்கம். உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு வெளிவாசலை நிறுத்துவது நீ கண்டுபிடித்தது. ஆயிரத்து இருநூறு ஆண்டாக இந்தச் சமவெளியில் யாருக்கும் தோன்றாதது உனக்குத் தோன்றியது.

விதிகளையும் நீ மீறவில்லை. மரபுக் கட்டடங்களுக்கான வெனிஸ் சாசனம் 1964-ல் வந்தது. புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைய வேண்டும், அதே சமயம் புதியது என்று பார்த்தவுடன் தெரியவும் வேண்டும் என்கிறது. உன் வளைவுக்கும் அதன் பின்னால் உள்ள வீடுகளுக்கும் இடையே யாருக்கும் குழப்பம் வராது. பாதி விதியை முழுமையாகக் கடைப்பிடித்திருக்கிறாய். தமிழ்நாட்டில் மரபு ஆணையச் சட்டம் நிறைவேறியது 2012-ல். நீ அதற்கு முன்பே வேலையை முடித்துவிட்டதால் சட்டத்துக்கு உன்னால் எந்தத் தொல்லையும் இல்லை. 2023 கடைசியில் நெடுஞ்சாலைத்துறை அளவெடுத்தபோது, வளைவு நிற்கும் இடம் யாருடையது என்ற தகராறு எழுந்தது. வளாகம் முழுதும் போனபோது கேட்காத கேள்வியை அந்தச் சில அடி நிலத்துக்காவது கேட்டாயே, அது அக்கறைதான்.

உன் முதல் படம் வந்த அதே 1937-ல் ரோம் நகரில் சினெசிட்டா ஸ்டுடியோவைத் திறந்தார்கள். போர்க்காலத்தில் குண்டு விழுந்தது, போர் முடிந்ததும் வீடிழந்தவர்கள் அதன் தளங்களில் அகதிகளாகத் தங்கினார்கள். அதற்குப் பிறகும் விடாமல் இன்றுவரை அங்கே படம் எடுக்கிறார்கள். பழைய அரங்குகளைச் சுற்றிப் பார்க்க மக்களை உள்ளே விடுகிறார்கள். சென்னையில் ஏவி.எம். நிறுவனம் தன் வளாகத்தின் ஒரு பகுதியில் 2023 மே மாதம் ஓர் அருங்காட்சியகம் திறந்தது. பழைய கேமராக்கள், கருவிகள், கார்கள். அவர்களுக்கெல்லாம் துடைக்கவும் எண்ணெய் போடவும் சம்பள ஆள் வேண்டும்.

ஒரே ஒரு தளம் போதுமாக இருந்தது, சேலமே. நடுவில் தூண் இல்லாத, உயர்ந்த கூரை கொண்ட ஒரு கூடம். அதைச் சுற்றி இதே வீடுகளை, இதே மனைகளைக்கூடப் போட்டிருக்கலாம். வீதிப்பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்கிற நூலகமாகவோ, ஞாயிறன்று பழைய படம் போடும் இடமாகவோ, பொங்கலுக்கு நாடகம் நடக்கும் மேடையாகவோ அது இருந்திருக்கும். அங்கே தச்சு வேலை செய்தவர், தையல் வேலை செய்தவர், சமையல் செய்தவர் என எத்தனையோ பேரின் பேரன் பேத்திகள் உன் தெருக்களில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் ஸ்டில் படங்களும் சம்பளச் சீட்டுகளும் வசனத் தாள்களும் இன்னும் இருக்கக்கூடும். அவற்றைக் கொண்டுவந்து வைக்க ஓர் அறையை நீ ஒதுக்கவில்லை. அவரவர் பொருள் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டாய். யார் உடைமைக்கும் ஆசைப்படாத ஊர் என்ற பெயரும் இனி உனக்கே.