பவுன்ஸ் ரேட் மாப்பிள்ளை

டெல்டாவில் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் இப்போது ஒரு மாப்பிள்ளை இருக்கிறார். கல்யாண மாப்பிள்ளை இல்லை. கடைக்காரரின் அக்கா பிள்ளை. 2020 ஊரடங்கில் ஓ.எம்.ஆரிலிருந்து லேப்டாப்பும் கையுமாக வந்து இறங்கியவர். கம்பெனி திரும்பக் கூப்பிட்டதா என்று நாசூக்குத் தெரிந்த யாரும் கேட்பதில்லை. வந்த வாரமே மாமாவின் காபிக் கடைக்கு வெப்சைட் போட்டார். அன்றிலிருந்து அதைச் சீர்திருத்திக்கொண்டே இருக்கிறார்.

தஞ்சாவூரில் நான் காலையில் காபி குடிக்கும் கடையிலும் ஒருவர் உண்டு. கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூல்தான் அவருக்கு ஆபீஸ். ஆற்றி வைத்த காபியில் ஏடு கட்டினாலும் திரையிலிருந்து கண் எடுக்க மாட்டார். திடீரென்று உச்சுக் கொட்டுவார். யாரோ தவறிவிட்ட மாதிரி இருக்கும்.

"மாமா, பவுன்ஸ் ரேட் எகிறிருச்சு."

"பால் விலையாடா?"

"இல்ல மாமா. சைட்டுக்கு வர்றவன் பத்து செகண்டு நிக்க மாட்டேங்கிறான். எட்டிப் பாத்துட்டு ஓடிடறான்."

மாமாவுக்கு இதில் துக்கப்பட என்ன இருக்கிறது என்றே புரியாது. அவர் கவலை நேர் எதிர். ஒரே ஒரு காபியை வாங்கிக்கொண்டு, தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கன்னித்தீவு வரைக்கும் படித்து, ஒன்றரை மணி நேரம் பெஞ்சைத் தேய்க்கிற எங்களைக் கிளப்பத்தான் 'இங்கு அரசியல் பேசாதீர்கள்' என்று போர்டே மாட்டியிருக்கிறார். அந்தப் போர்டுக்கு அடியிலேயே உட்கார்ந்து, வருகிறவனை நிறுத்தி வைக்க மருமகன் சம்பளமில்லாமல் உழைக்கிறான்.

வெப்சைட்டைத் திறந்ததும் நாகஸ்வரம் முழங்கும். நிறுத்த வழி கிடையாது. பிறகு ட்ரோனில் எடுத்த பெரிய கோவில் அங்குலம் அங்குலமாக இறங்கி வரும். மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்துவிட்ட தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாலு நாள் ஆகும்; கடைமடைக்காரன் அதற்கு மேலும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இந்தப் படத்துக்கு நாமெல்லாம் கடைமடை. மூன்று விநாடிக்குள் பக்கம் திறக்காவிட்டால் செல்போனில் வருகிறவர்களில் 53 சதவீதம் பேர் போய்விடுவதாக கூகுள் 2016-ல் சொன்னது. அதை எனக்கு ஒப்பித்துக் காட்டியதே இவர்தான். ஆனால், கோபுரத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாமே என்றால் முகம் சுருங்கிவிடும். "அதான் சார் பிராண்டு!"

கோபுரம் இறங்கிய பிறகு 'எங்களைப் பற்றி'. ராஜராஜன் 1010-ல் கோவிலைக் கட்டி முடித்ததிலிருந்து ஆரம்பம். சரபோஜி வரைக்கும் பொறுமையாகப் படித்தேன். காபி இன்னும் வந்தபாடில்லை. கடை எத்தனை மணிக்குத் திறக்கும், அரைக் கிலோ பொடி என்ன விலை, கூரியரில் அனுப்புவார்களா? வருகிறவனுக்கு வேண்டியது இவ்வளவுதான். அது எங்கே என்று கேட்டேன். "கீழ இருக்கு சார், ஸ்க்ரோல் பண்ணணும்."

போன மாதம் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. திரையை மறைத்துக்கொண்டு ஒரு கட்டம். அதில் ஒரு கேள்வி. டிகிரி காபிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? பாலில் மானியை விட்டு டிகிரி பார்த்து வாங்கியதால் என்பது ஒரு கட்சி. முதல் டிகாக்ஷனில் போடுவதால் என்பது இன்னொன்று. சிக்கரிதான் வாயில் மருவி டிகிரி ஆயிற்று என்பது மூன்றாவது. கும்பகோணத்தில் இந்த வழக்கு இன்றுவரை முடியவில்லை. அதற்குத் தீர்ப்புச் சொன்னால்தான் விலைப்பட்டியல் திறக்கும் என்று வைத்துவிட்டார். எதை அழுத்தினாலும் 'மீண்டும் முயலுங்கள்' என்றே வந்தது. சரியான விடை அவருக்கே தெரியாததால் இருக்கலாம்.

மறுவாரம் ஸ்டூலிலிருந்து ஒரு கூச்சல்.

"மாமா! நேத்து ராத்திரி ஒருத்தர் பதினோரு நிமிஷம் நின்னிருக்கார்!"

மாமா முதல் தடவையாகக் கல்லாவை விட்டு எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "யார்றா மாப்ளே அந்த மகராசன்?"

"பேரெல்லாம் வராது மாமா. நம்ம தஞ்சாவூர்தான். மூணு பதிலையும் மாத்தி மாத்தி அழுத்திப் பாத்திருக்கார். பயங்கரமான காபி ரசிகர்!"

நான் தினத்தந்தியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, அலறுகிற நாகஸ்வரத்தைத் தலையணைக்கு அடியில் அமுக்கிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் அந்தக் கட்டத்தை மூடுகிற பெருக்கல் குறி எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று தேடினவன் நான்தான். மைத்துனருக்குப் பொடி அனுப்ப விலை பார்க்கப் போனவன்.

மாமா சந்தோஷமாகத் திரும்பினார். "சார், இன்னொரு காபி சாப்பிடறீங்களா?"

இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. சாப்பிடுகிறேன் என்றேன்.