அதுல கேம் ஓடுமா?

2000களின் தொடக்கத்தில் வீட்டுக் கணினியில் லினக்ஸ் நிறுவி வைத்திருந்த எவரும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. வீட்டுக்கு வருகிறவர் திரையைப் பார்ப்பார். மூலையில் வழக்கமான ‘ஸ்டார்ட்’ பொத்தான் இருக்காது. “இது விண்டோஸ் இல்லையா? அப்ப இதுல கேம் ஓடுமா?” மூலநிரல் எல்லோர்க்கும் பொது, உரிமக் கட்டணம் கிடையாது, வைரஸ் தொல்லை குறைவு என்று எத்தனை சொன்னாலும் கேட்டவர் மனம் அந்தக் கேள்வியிலேயே நிற்கும். ஓடும் என்று காட்ட எங்களிடம் இருந்தவை சீட்டுக்கட்டு, கண்ணிவெடி, பாம்பு. நாகரிகங்களைக் கட்டி எழுப்பும் ஃப்ரீசிவ் இருந்தது. பொறுமைசாலிகளுக்கு 1987இல் பிறந்த நெட்ஹேக் இருந்தது. அதில் அரக்கர்கள் எல்லாம் வெறும் எழுத்துகள். எந்த எழுத்து எந்த அரக்கன் என்பதை ஆடி ஆடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று அதே கேள்விக்குப் பதில், “பெரும்பாலும் ஓடும்.” அந்தப் பதில் எங்களை வந்தடைந்த வழி, நாங்கள் கண்ணை வைத்துக் காத்திருந்த வழி இல்லை.

அன்றைக்கு என்னிடம் இருந்தது, ரிச்சி தெருவில் உதிரி பாகங்கள் வாங்கிப் பூட்டிய ஒரு செலரான் கணினி. 128 எம்பி நினைவகம். திரையில் படம் காட்டும் வேலை முழுவதும் தாய்ப்பலகையிலேயே பொருந்தியிருந்த இன்டெல் 810 சில்லின் தலையில். மாத இதழோடு இலவசமாக வந்த குறுந்தகடுகளில்தான் லினக்ஸ் எங்கள் ஊர்களுக்கு வந்தது. ஒரு வட்டை ஒரு விடுதியே மாற்றி மாற்றி நகலெடுக்கும். நிறுவி முடித்ததும் முதல் அடி விழும்: மோடம் பேசாது. உள்ளே செருகும் மலிவு மோடம்கள் பாதி வேலையை விண்டோஸ் மென்பொருளிடம் தள்ளிவிட்டு இயங்கியவை. அந்த மென்பொருள் லினக்ஸுக்கு இல்லை. ஆக இணையம் வேண்டுமானால் விண்டோஸுக்குப் போய், வேண்டியதை இறக்கி, கணினியை மறுபடி தொடங்கி லினக்ஸுக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் மணிக்கு இருபது முப்பது ரூபாய் கொடுத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, 1.44 எம்பி ஃபிளாப்பியில் கோப்புகளை அள்ளி வர வேண்டும். வீட்டுக்கு வந்து நிறுவினால், ‘இதற்கு இன்னொரு கோப்பு தேவை’ என்று திரை சொல்லும். அந்த இன்னொன்றுக்கு வேறு இரண்டு தேவைப்படும்.

பாட்டு கேட்பதற்கும் இதே பாடு. நான் நிறுவியிருந்த லினக்ஸில் எம்பி3 ஓடாது. அந்தச் சுருக்கமுறைக்குக் காப்புரிமை இருந்ததால், சேர்த்துக் கொடுத்தால் வழக்கு வரலாம் என்று எடுத்துவிட்டிருந்தார்கள். இளையராஜா பாடல்கள் அடுக்கடுக்காக வட்டில் கிடக்கும், ஒலிக்காது. அதற்கான துணைக்கோப்பைத் தனியாகத் தேடிச் சேர்த்த பிறகும், ஒலி அட்டையை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பிடித்துக்கொள்ள முடியும். பாட்டு ஓடும்போது விளையாட்டைத் திறந்தால் விளையாட்டு ஊமையாகிவிடும். எம்பி3 காப்புரிமைகளின் காலம் 2017இல் முடிந்தது. ஒலியைப் பங்கிடும் வேலையை முதலில் பல்ஸ்ஆடியோவும் இப்போது பைப்வயரும் பார்த்துக்கொள்கின்றன. இன்று லினக்ஸைத் தொடுகிற பிள்ளைக்கு இப்படி ஒரு சிக்கல் இருந்ததென்றே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த நாள்களில் எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு டக்ஸ் ரேசர். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்த மாணவர்கள் எழுதி 2000இல் வெளியிட்டது. பனிமலையிலிருந்து ஒரு பென்குயின் வயிற்றால் சறுக்கிக்கொண்டு இறங்கும், வழியில் மீன்களைக் கவ்வும், அவ்வளவுதான். என் கணினியில் அது சறுக்கவில்லை. ஒரு படம் தோன்றும், மூச்சு விட்டு அடுத்த படம் வரும். முப்பரிமாணக் கணக்கை வரைகலைச் சில்லு செய்யாமல், எல்லாவற்றையும் செயலியே சுமந்துகொண்டிருந்தது. காரணம் தெரிய நெடுநாள் ஆயிற்று. 810 சில்லுக்கு அன்று எழுதப்பட்டிருந்த கட்டற்ற இயக்கி, நிற ஆழம் 16 பிட்டாக இருந்தால் மட்டுமே முப்பரிமாணத்தை முடுக்கும். என் திரை 24இல் இருந்தது. அமைவுக் கோப்பைத் திறந்து அந்த ஒரு எண்ணை மாற்றி, திரையமைப்பை மறுபடி எழுப்பினேன். பென்குயின் வழுக்கிக்கொண்டு ஓடிற்று. அந்த எண்ணை மாற்றும் உரிமை என்னிடம் இருந்தது, அதை ஏன் மாற்ற வேண்டும் என்பதை அந்த இயக்கியை எழுதியவரே விளக்கி வைத்திருந்தார் என்பதெல்லாம் சேர்ந்துதான் என்னை இந்தப் பக்கமே இருத்திவிட்டது. கட்டற்ற மென்பொருள்மீது எனக்குள்ள பற்று எந்தக் கொள்கை அறிக்கையிலிருந்தும் வந்ததில்லை, அந்த ஓட்டத்திலிருந்து வந்தது.

பெரிய விளையாட்டுகள் எப்படி வரும் என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சி. நிறுவனங்களே லினக்ஸுக்கென்று நேரடியாக எழுதித் தரும் நாள் வரும் என்றது ஒரு கட்சி. அதற்கு ஆதாரமாக அமெரிக்காவில் லோகி என்ற நிறுவனம் இருந்தது. 1998இல் தொடங்கி, சிவிலைசேஷன்: கால் டு பவர், சிம்சிட்டி 3000 போன்றவற்றை முறையாக உரிமம் வாங்கி லினக்ஸுக்கு மாற்றிப் பெட்டியில் போட்டு விற்றார்கள். வாங்க ஆள் போதவில்லை. 2002 ஜனவரியில் கடை மூடப்பட்டது. ஆனால் அங்கே வேலை பார்த்த சாம் லான்டிங்கா, படம், ஒலி, விசைப்பலகை, கைப்பிடி எல்லாவற்றையும் எந்த இயங்குதளத்திலும் ஒரே மாதிரி கையாள உதவும் எஸ்டிஎல் என்ற நூலகத்தை எழுதி எல்லோருக்கும் திறந்து விட்டிருந்தார். லோகி போனது, எஸ்டிஎல் நின்றது. இன்று எண்ணற்ற விளையாட்டுகளின் அடியில் அதுதான் இருக்கிறது.

இன்னொரு கட்சி வைனை நம்பியது. விண்டோஸுக்கு எழுதிய நிரலை அப்படியே லினக்ஸில் ஓட்டுவதற்காக 1993இல் தொடங்கிய முயற்சி அது. 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் அதை வழிநடத்திவருகிறார். 1.0 என்ற எண்ணைத் தொட அதற்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. 2008 ஜூனில் வந்தது. அதுவரைக்கும் வைனில் ஒரு விளையாட்டு ஓடினால், அது ஓடும் பதிப்பு எண்ணைக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்வோம். அடுத்த பதிப்பில் ஓடாமல் போகக்கூடும். ‘அவன் பொருளை நகல் செய்துகொண்டே இருந்தால் நமக்கென்று எப்போது எழுதுவார்கள்’ என்று முதல் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

வென்றது வைன் கட்சி. வெல்ல வைத்தது, வேறொரு இடத்தில் ஒரு கடைக்காரருக்கு வந்த அச்சம்.

2012இல் விண்டோஸ் 8 தனக்கென்று ஒரு கடையோடு வரவிருந்தது. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல், கணினித் துறையில் உள்ள எல்லோருக்குமே அது பேரழிவு என்று அந்த ஜூலையில் வெளிப்படையாகச் சொன்னார். இயங்குதளம் வைத்திருப்பவரே கடையும் வைத்தால் மற்றவர் கடைக்கு வாசல் எங்கே? ஆகவே அவர் எவருக்கும் சொந்தமில்லாத தரையைத் தேடி லினக்ஸ் பக்கம் வந்தார். அந்த ஆகஸ்டில் வால்வ் ஒரு கணக்கை வெளியிட்டது: லெஃப்ட் 4 டெட் 2 விளையாட்டு, ஒரே கணினியில் விண்டோஸ் 7இல் நொடிக்கு 270.6 படங்கள், உபுண்டுவில் 315. 2013 பிப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015இல் லினக்ஸ் உள்ளே இருந்த ‘ஸ்டீம் மெஷின்’ பெட்டிகள் வந்து, விற்காமல், ஓசையின்றிப் போயின. நேரடியாக எழுதித் தரச் சொல்லி நிறுவனங்களை அழைத்துப் பார்த்ததில் போதுமான பேர் வரவில்லை என்பது அப்போது தெளிவாயிற்று. அதன் பிறகுதான் வால்வ் வைன் பக்கம் திரும்பியது.

இடையில் ஃபிலிப் ரெபோலே என்பவர், நியர்: ஆட்டோமேட்டா விளையாட்டை லினக்ஸில் ஆட வேண்டும் என்ற ஆசையில் 2017இல் தன் ஓய்வு நேரத்தில் ஒரு நிரல் எழுதத் தொடங்கியிருந்தார். விண்டோஸ் விளையாட்டுகள் வரைகலைச் சில்லிடம் பேசும் மொழி டைரக்ட்3டி. எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவாக 2016இல் வந்த மொழி வல்கன். முதலாவதில் சொல்வதை இரண்டாவதில் அந்தக் கணமே மாற்றிச் சொல்வது அவருடைய டிஎக்ஸ்விகே. வால்வ் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. வைனையும் இதையும் சேர்த்து, 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில், மூலநிரலோடு வெளியிட்டது.

இதில் என் வியப்பு இன்னும் தீரவில்லை. விண்டோஸுக்கு எழுதிய விளையாட்டானாலும் செயலிக்குக் கொடுக்கும் கட்டளைகள் அதே கட்டளைகள்தான். அவை மாற்றமின்றி நேராக ஓடுகின்றன. ‘கோப்பைத் திற, சாளரத்தை வரை, ஒலியை எழுப்பு’ என்று இயங்குதளத்திடம் கேட்கும் இடங்களில் மட்டும் வைன் பதில் சொல்கிறது. அந்தப் பதில்கள் ஒவ்வொன்றையும், விண்டோஸின் உள்நிரலைப் பார்க்காமல், வெளியிலிருந்து அதன் நடத்தையைக் கவனித்துக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டு உழைப்பு அது. இதைச் செய்தவர்களில் பலருக்குக் கூலி கிடையாது, பெயரும் வெளியே தெரியாது. ஒரு பழைய நிரலில் எழுத்துரு ஒரு புள்ளி தள்ளி நிற்கிறது என்பதற்காக இரவெல்லாம் விழித்தவர்கள் அவர்கள். வால்வ் பணம் போட்டிருக்காவிட்டால் புரோட்டான் இல்லை, உண்மை. அவர்கள் விழித்திருக்காவிட்டால் பணம் போட எதுவும் இருந்திருக்காது.

2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கைக்கருவி அதே லினக்ஸில் இயங்குகிறது. அதன் மேசைத்தளம் கேடிஇ. ஜெர்மனியில் ஒரு மாணவர் 1996இல் தொடங்கி வைத்த திட்டம். தமிழ்த் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பட்டிகளைத் தமிழாக்கியதும் அதைத்தான். ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறி நின்ற காலத்தில் அதைச் செய்தார்கள். இன்று இந்தக் கட்டுரையை லிப்ரே ஆபிஸில் தமிழ்99 விசைப்பலகையில், எதையும் தேடி நிறுவாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அச்சுப்பொறி தானாகவே அடையாளம் காணப்படுகிறது. வங்கி, வரி, ரயில் முன்பதிவு எல்லாம் உலாவிக்குள் போய்விட்டதால், அன்றாட வேலைக்கு எந்த இயங்குதளம் என்ற கேள்வியே பலருக்கு எழுவதில்லை. ஸ்டீமின் கணக்கெடுப்பில் லினக்ஸ்காரர்கள் 2025இன் கடைசி மாதங்களில் 3 விழுக்காட்டைத் தாண்டினார்கள். சின்ன எண்தான். அரை விழுக்காட்டுக்கும் ஒன்றுக்கும் இடையே நீண்ட காலம் கிடந்தவர்களுக்கு அது சின்னதாகத் தெரியாது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது, அண்ணன் மகனின் மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். அவன் வாங்கி வைத்திருந்த விளையாட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கி, ஒவ்வொன்றாக ஓடின. அவனுக்கு அதில் வியப்பே இல்லை. ஒன்று மட்டும் வரவில்லை.

“சித்தப்பா, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஆடுறது மட்டும் வர மாட்டேங்குது.”

“அது, நீ திருட்டாட்டம் ஆடுறியான்னு பாக்க கம்ப்யூட்டரோட அடிவயிறு வரைக்கும் தன்னை உள்ள விடச் சொல்லுதுடா. லினக்ஸ்ல அதுக்கு இடம் கேக்கல. விண்டோஸ்ல மட்டும் கேக்குது.”

“நாம விடலாம்ல?”

“அவங்க எழுதித் தந்தாத்தானே விடறதா வேண்டாமான்னு யோசிக்க?”

இதுதான் இன்றைய எல்லை. 2021இலேயே சில ஏமாற்றுத்தடுப்பு மென்பொருள்கள் புரோட்டானை ஏற்றுக்கொண்டன. ஆனால் அனுமதி ஒவ்வொரு விளையாட்டு நிறுவனத்தின் கையில். ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் சில ஆண்டுகள் லினக்ஸில் ஆடக் கிடைத்து, 2024 இறுதியில் நிறுத்தப்பட்டது. திறந்துவிட்ட கதவை ஒரே நாளில் சாத்த முடிகிறது என்றால், அந்தக் கதவு நம்முடையதாக ஒருநாளும் இருக்கவில்லை. இப்போது ஓடும் ஆயிரக்கணக்கான விளையாட்டுகளும் மூடிய நிரல்களே. கடையும் மூடிய கடையே. அடியில் உள்ள கருவும் இயக்கிகளும் வைனும் மட்டும் பொதுச்சொத்து. அந்த அடிப்பகுதியில்தான் என் அக்கறை. விளையாட்டுகள் வந்துவிட்ட மகிழ்ச்சியில், நாமே எழுதிய விளையாட்டுகளை நாமே மறந்து வருவது எனக்குப் பெரிய வருத்தம். வெஸ்னோத் 2003இலிருந்து வளர்கிறது. சூப்பர்டக்ஸ்கார்ட், 0 ஏ.டி., ஓபன்டிடிடி எல்லாம் ஒரு ரூபாய் கேட்காமல் மென்பொருள் பட்டியலில் கிடக்கின்றன. அவற்றை எவரும் நிறுத்த முடியாது.

அதனால் அவன் கணினியில் லுவான்டியைச் சேர்த்தேன். மைன்டெஸ்ட் என்ற பெயரில் 2010இல் ஒரு ஃபின்லாந்துக்காரர் தொடங்கியது. கட்டங்களால் உலகம் கட்டும் விளையாட்டு. லுவா மொழியில் சில வரிகள் எழுதினால் அந்த உலகத்தின் விதிகளே மாறும். அவன் முதலில் தன் தாத்தா ஊர்க் கோயில் குளத்தைப் படிக்கட்டோடு கட்டினான். பிறகு அதன் கரையில் வயல் வேண்டும் என்றான். விளையாட்டில் கோதுமை இருந்தது, நெல் இல்லை. கோதுமைக்கான நிரலைத் திறந்து படித்து, நகலெடுத்து, நெல்லாக மாற்றிவிட்டான். தண்ணீர் தேங்கிய கட்டத்தில் மட்டும் முளைக்கும்படி விதி வைத்திருக்கிறான், யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு கோளாறு மட்டும் பாக்கி. நாற்று நட்ட மறுநொடியே கதிர் தள்ளிவிடுகிறது. நாள்கணக்கு எந்த வரியில் தவறுகிறது என்று இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.